ரஸ்ட் பற்றி நம் அலுவலக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணக்குப் பிரிவு, விற்பனை, வாடிக்கையாளர் சேவை நண்பர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை கூட்டத்தில் மென்பொருள் எழுதும் நாங்கள் ரஸ்ட் என்ற நிரல் மொழிக்கு மாறுவது பற்றி இருபது நிமிடம் பேசினோம், எல்லோரும் தலையாட்டினீர்கள், வெளியே வந்ததும் வாடிக்கையாளர் சேவை அக்கா ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி, ரஸ்ட்னா துருதானே, ஓடுற பில்லிங்ல எதுக்குத் துருவைக் கொண்டாந்து விடுறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான். இந்த மொழியை 2006-இல் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கியவர் கிரேடன் ஹோர், அப்போது ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவில் வேலை பார்த்தவர். அவர் நினைத்தது இரும்புத் துருவை அல்ல, கடலைச் செடியில் துருநோய் வருமே, அந்தப் பூஞ்சை இனத்தை. எதையும் தாங்கிப் பிழைத்துக்கொள்கிற உயிர் அது.

சரி, நமக்கு எதற்கு? மார்ச் 31 இரவை நினைத்துப் பாருங்கள். பில்லிங் சர்வர் மூன்று முறை விழுந்தது, கணக்குப் பிரிவில் பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்கள். காரணம் சி++ என்ற மொழியில் எழுதிய எங்கள் பழைய நிரலில் இருந்தது. பில் பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டே போகிற இடத்தில், நடுவிலேயே புதுப் பில்லையும் சேர்த்துக்கொண்டிருந்தோம். சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. அன்றைக்குப் பில்கள் குவிந்ததால் ஒதுக்கிய இடம் போதாமல் பட்டியல் மொத்தமும் நினைவகத்தில் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது, படிக்கிற பகுதியோ பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. வீடு மாறிப் போனவரைப் பழைய விலாசத்தில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும், அதுதான் கிடைத்தது.

ரஸ்ட் இதை எப்படித் தடுக்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒருவர் எக்செல் ஷீட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு 'ரீட் ஒன்லி' என்று வருகிறதல்லவா, அந்த ஒழுங்குதான், கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு. ஒரு தகவலை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம், ஆனால் ஒருவர் திருத்துவதற்கு எடுத்துவிட்டால் அவர் முடிக்கிற வரை வேறு யாரும் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. இதில் முக்கியமானது, இந்தச் சோதனை மாதக் கடைசி இரவில் நடப்பதில்லை. மென்பொருள் உருவாகும் முன்பே, எங்கள் மேசையிலேயே நடக்கிறது. அந்த மார்ச் நிரலை அப்படியே ரஸ்டில் எழுதிப் பார்த்தேன், நாங்கள் எழுதுவதைச் சரிபார்த்துக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுகிற கம்பைலர் ஏற்கவில்லை. இந்த வரியில் படிக்கக் கொடுத்திருக்கிறாய், இந்த வரியில் அதையே திருத்தக் கேட்கிறாய் என்று இரண்டு வரிகளையும் அடிக்கோடிட்டுக் காட்டியது. உண்மையாகவே நெஞ்சு அடைத்தது எனக்கு. அந்த இரவு தேவையே இல்லாத இரவு.

இது நம் அலுவலகத்து வியாதி மட்டும் அல்ல. தங்கள் மென்பொருளில் பதிவாகும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இப்படி நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. ஆண்ட்ராய்டில் அந்தப் பங்கு 2019-இல் 76 சதவீதம், 2024-இல் 24. பழையதை எல்லாம் தூக்கிப் போட்டு ஆண்ட்ராய்டை உருவாக்குபவர்கள் இதைச் சாதிக்கவில்லை, புதிதாக எழுதுவதைப் பெரும்பாலும் ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதினார்கள். நாமும் அப்படித்தான், முதலில் பில் பட்டியல் பகுதி மட்டும். உங்கள் திரையில் எதுவும் மாறாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 18 சதவீதம் ஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் நான் 5 என்று எழுதினால் ரஸ்ட் அதைக் கண்டுபிடிக்காது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் சோதனை பில்களை அனுப்பும்போது தயவுசெய்து பொறுமையாகப் பாருங்கள். அப்புறம், முதல் சில மாதங்கள் நாங்கள் மெதுவாகத்தான் நகர்வோம். "இன்னும் கம்பைல் ஆகலையா" என்று கேட்கத் தோன்றினால் என் மேசைக்கே வாருங்கள், அந்த நேரத்தில் எந்த வரியில் நிற்கிறேனோ அதைத் திரையில் காட்டுகிறேன்.