வாதம் வந்த கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரே ஒரு வரி இருக்கும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று விளக்கமாக எழுதுபவர்கள், விழுந்துபோன கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எழுதுவதே இல்லை. அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் வீட்டார் தெரியாமல் செய்யும் காரியங்களால் அந்தக் கை மேலும் கெடுகிறது.

தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் தலையை அதில் நிறுத்துவதில் சுற்றியுள்ள தசைகளுக்கே பெரும்பங்கு. வாதம் வந்த புதிதில் அவை தளர்ந்துவிடுவதால், கையின் எடையே எலும்பைக் கீழே இழுக்கும். தோள் நுனிக்கு அடியில் ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் மூட்டு இறங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எழுப்புவதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வையும் தசைநாணையும் காயப்படுத்தும். வலி வந்துவிட்டால் நோயாளி கையைத் தொடவே விடமாட்டார். அத்தோடு பயிற்சியும் நின்றுபோகும்.

எழுப்புவதற்கு முதலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். பிறகு முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பின் மேல் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து உட்காரவையுங்கள். நிற்கும்போது இடுப்பில் இறுகக் கட்டிய துண்டையோ பெல்ட்டையோ பிடித்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கையில் கை தொங்கவே கூடாது. மடியில் தலையணை வைத்து முழங்கையிலிருந்து விரல்வரை அதன்மேல் கிடத்துங்கள். கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் தொட்டில் கட்டு நிற்கவும் நடக்கவும் மட்டும் போதும். நாள் முழுக்க மாட்டிவைத்தால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும். சட்டை போடும்போது பாதித்த கை முதலில். கழற்றும்போது அது கடைசியில்.

உத்தரத்தில் கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் மற்ற கையை மேலே இழுக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை அவிழ்த்துவிடுங்கள். தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் உயர்ந்தால் நடுவில் தசைநாண் நசுங்கும். அமெரிக்க இதய சங்கத்தின் 2016 வழிகாட்டு நெறிகளும் இந்தப் பயிற்சி வேண்டாம் என்கின்றன. முறையாகக் கற்றுக்கொள்ளாத வீட்டார் நோயாளியின் கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்காமல் இருப்பதே நல்லது. எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவுவதில் தவறில்லை. சொடக்கு எடுப்பதும் இழுத்து உருவுவதும் ஆபத்து. உணர்ச்சி குறைந்த கையில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்தாலும் நோயாளிக்குத் தெரியாது.

அடுத்து ரப்பர் பந்து. பலருக்கும் சில வாரங்களில் விரல்களை மடக்கும் தசைகள் தாமாகவே இறுகத் தொடங்கும். அவர்களிடம் பந்தைக் கொடுத்து நாள் முழுக்க அழுத்தச் சொன்னால், ஏற்கெனவே மூடிக்கொள்ளும் கை இன்னும் மூடிக்கொள்ளும். அவர்களுக்குத் தேவை கையைத் திறக்கும் பயிற்சி. விரல் சிறிதளவாவது நீள்கிறதென்றால், மேசையில் வெறும் எவர்சில்வர் டம்ளரை வைத்து எட்டிப் பிடித்து, ஒரு சாண் நகர்த்தி, விரலை விரித்து விடச் சொல்லுங்கள். விடுவதுதான் கடினம், அதற்கு நேரம் கொடுங்கள், நீங்களே பிரித்துவிடாதீர்கள். உடம்பு முன்னால் சாய்ந்தோ தோள் காதை நோக்கி ஏறியோ போனால் டம்ளரை அருகில் நகர்த்தி வையுங்கள்.

எத்தனை முறை என்பதும் முக்கியம். அமெரிக்கா, கனடா சிகிச்சைக் கூடங்களைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓர் அமர்வில் கைக்குக் கிடைத்த செயல்பாட்டுப் பயிற்சி சராசரியாக 32 முறைதான். விலங்கு ஆய்வுகளில் மூளையில் மாற்றம் காண நாளுக்குச் சில நூறு முறை தேவைப்பட்டது. வாரம் இரண்டு நாள் தெரபிஸ்ட் வந்துபோவதால் மட்டும் இது நடக்காது. சோர்வு பார்த்து, காலை, மதியம், மாலை என்று பிரித்து வீட்டிலேயே செய்தாக வேண்டும். காலமும் கணக்கில் வரும். 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சியை, வாதம் வந்து இரண்டு, மூன்று மாதங்கள் ஆன நிலையில் பெற்றவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு பெற்றவர்களிடம் அது தெரியவில்லை. வாதம் தீருமென்று நம்பிப் புறா ரத்தம் தேடி அலைந்து இந்த மாதங்களை இழப்பவர்களைப் பார்க்க மனம் பதறுகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை வருவது பெரிய வரம். ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர் என்றால் அவர் எத்தனை வீடு ஏற முடியும்? பணியிடங்களைக் கூட்ட வேண்டும். அதுவரை, நோயாளி வீடு திரும்பும் அன்றே அந்த வட்டாரத்துக்குத் தகவல் போய், முதல் வாரத்திலேயே முதல் வருகை நடக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டோடு கையைக் கையாளும் முறையைப் படத்துடன் ஒரு பக்கத்தில் தமிழில் கொடுக்கட்டும். எழுப்புவதையும் படுக்கவைப்பதையும் வீட்டார் வார்டிலேயே ஒருமுறை செய்துகாட்டிய பிறகு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு இயன்முறை சிகிச்சையாளர்கள்,
மதுரை.