மூர்த்தியின் வெளிச்சம்

பெங்களூரு

அன்புள்ள சங்கரா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தங்கை சொன்னாள். நான் மாதக் கணக்கில் எழுதவில்லைதான். நீ மட்டும் என்ன எழுதிக் கிழித்துவிட்டாய்? போனில் பேசலாம் என்று பார்த்தால், நான் ஒரு விஷயம் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் நீ இளையராஜாவுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

இந்திப் பட இயக்குநர், நடிகர் குரு தத் பிறந்து நூறு வருஷம் ஆனதற்காக, 2025 ஆகஸ்டில் அவருடைய படங்களைப் புதுப்பித்துத் தியேட்டர்களில் போட்டார்கள். நான் 'பியாசா' பார்த்தேன். அன்றிலிருந்து தலைக்குள் வேறெதுவும் ஓடவில்லை. கடைசியில் அந்த அரங்கக் காட்சி நினைவிருக்கிறதா? செத்துப்போன கவிஞனுக்கு அஞ்சலிக் கூட்டம். அவனே வாசலில் வந்து நிற்கிறான். முதுகுக்குப் பின்னால் அவ்வளவு வெளிச்சம், முகத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. கையை விரித்து நிற்கும் வெறும் கறுப்பு உருவம். நம் அறையில் கோடு கோடாக ஓடிய அந்தப் பழைய கேசட்டில் நாம் பார்த்தது பாதிகூட இல்லை. பெரிய திரையில் அந்தக் கறுப்புக்கு ஒரு ஆழம் இருக்கிறது.

வெளியே வரும்போது எல்லோரும் குரு தத், பாட்டு எழுதிய சாஹிர், இசையமைத்த எஸ்.டி. பர்மன் என்றே பேசினார்கள். அந்த வாசலுக்கு வெளிச்சம் வைத்தவர் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதுவும் இந்த ஊரில்!

அந்தக் கேமராமேன் வி.கே. மூர்த்தி, 1923-ல் மைசூரில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். வயலின் வாசிப்பார். நான் தினமும் பஸ்ஸில் கடக்கிற சேஷாத்ரி சாலையில் இருக்கும் ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு படித்து, 1946-ல் டிப்ளமோ வாங்கிக்கொண்டு பம்பாய் போனார். அங்கே ஃபாலி மிஸ்திரி போன்ற பெரிய கேமராமேன்களிடம் உதவியாளர் வேலை. 1951-ல் 'பாஸி' படத்திலும் அவர் உதவியாளர்தான், கேமராமேன் வி. ராத்ரா. குரு தத் இயக்கிய முதல் படம் அது. ஒரு பாட்டுக்கு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தில் தொடங்கி கேமரா நகர்ந்துகொண்டே போகிற கடினமான ஷாட் ஒன்றை மூர்த்தி யோசனை சொல்லி, அவரே கேமராவை இயக்கி எடுத்துக் கொடுத்தார். குரு தத் அவரைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் 'ஜால்' படத்திலிருந்து மூர்த்திதான் கேமராமேன். 'ஆர் பார்', 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55', 'பியாசா', 'காகஸ் கே ஃபூல்', 'சாஹிப் பீபி அவுர் குலாம்' என்று வரிசையாகப் போனது.

மறுநாள் ராத்திரி 'காகஸ் கே ஃபூல்' போட்டுப் பார்த்தேன். 1959-ல் வந்தது, இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத் திரைப் படம். அந்தக் காலத்து ஸ்கோப் லென்ஸுக்கு எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் போதாது. அதை வைத்துக்கொண்டு இருட்டை எடுக்க வேண்டும் என்றால் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார். 'வக்த் நே கியா' பாட்டில், காலியான ஸ்டுடியோவுக்குள் மேலேயிருந்து ஒரு ஒளித்தூண் சாய்வாக இறங்குகிறதே, அது எந்த விளக்கும் இல்லை. வெயில்! குரு தத் கேட்ட மாதிரி கோடு போட்டாற்போல ஒரு கற்றை ஸ்டுடியோ விளக்குகளில் வரவில்லை. மூர்த்தி இரண்டு பெரிய கண்ணாடிகள் வரவழைத்தார். ஒன்றை வெளியே வைத்து வெயிலைப் பிடித்து உள்ளே திருப்பினார். உள்ளே உயரத்தில் வைத்த இன்னொன்று அதை வாங்கிக் கீழே இறக்கியது. விளக்கின் வெளிச்சம் போகப் போக விரியும். வெயில் கிட்டத்தட்ட இணையாகவே வருவதால் அந்தக் கற்றை தூண் மாதிரி நிற்கிறது. ஆனால் சூரியன் நமக்காக நிற்காது. கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் தூண் நிற்கும். அந்த வெளிச்சத்தில் தூசி மிதப்பதுகூடத் தெரிகிறது, சங்கரா. கதாநாயகி வஹீதா ரஹ்மானும் குரு தத்தும் எட்டி எட்டி நிற்கிறார்கள். ஒருவரையொருவர் தொடுவதில்லை. நடுவில் அந்த வெயில்தான் இருக்கிறது.

படம் படுதோல்வி. அதற்கப்புறம் குரு தத் எந்தப் படத்திலும் இயக்குநர் என்று தன் பெயரைப் போடவில்லை. ஆனால் மூர்த்திக்கு அந்தப் படத்துக்காக ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 'சாஹிப் பீபி'யில் 'சாகியா ஆஜ் முஜே நீந்த்' பாட்டு. நடுவில் ஆடும் மினு மும்தாஸ் மேல் நல்ல வெளிச்சம். சுற்றி ஆடுகிற பெண்கள் எல்லோரும் முழு நிழல், பாட்டு முடிகிறவரை ஒருத்தி முகம்கூடத் தெரியாது. காரணம் கேட்டால் நீ சிரிப்பாய். பின்னால் ஆட வந்தவர்களின் தோற்றம் குரு தத்துக்குத் திருப்தியாக இல்லை. ஆளை மாற்றாமல் வெளிச்சத்தை மாற்றிவிட்டார் மூர்த்தி. ஆனால் அந்த ஷாட்டைப் பார்க்கிறபோது சமாளிப்பு என்றே தோன்றாது. அந்த ஜமீன்தார் வீட்டின் அழுகலையே அந்த நிழல் உருவங்கள் ஆடிக் காட்டுகிற மாதிரி இருக்கும். நிழல் எங்கே விழ வேண்டும் என்று முதலில் சொல், அப்புறம் லைட்டைத் தொடு என்று அண்ணாச்சி நம்மை அதட்டுவாரே, அதை அவர் எங்கிருந்து பிடித்தார் என்று இப்போது புரிகிறது.

1964 அக்டோபரில் குரு தத் போய்விட்டார், 39 வயதில். மூர்த்தி அதற்கப்புறம் ஐம்பது வருஷம் இருந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஐம்பது வருஷத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் மனசு அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் வீட்டில் முடங்கவில்லை. இயக்குநர் பிரமோத் சக்கரவர்த்திக்கு 'லவ் இன் டோக்கியோ', 'நயா ஸமானா', 'ஜுக்னு' என்று கலர் கலராக எடுத்துக் கொடுத்தார். கேமராமேன் ஜோசஃப் விர்ஷிங் இறந்தபின் 'பாக்கீஸா'வின் சில பகுதிகளை எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதே பாலிடெக்னிக்கில் படித்த கோவிந்த் நிஹலானியை உதவியாளராக வைத்து வளர்த்தார். பிறகு அந்த நிஹலானி 'தமஸ்' என்ற டி.வி. தொடர் எடுத்தபோது அதற்குக் கேமரா வேலை செய்தார். சிஷ்யன் இயக்க, குரு லைட் வைத்திருக்கிறார்! 1993-ல் கன்னடத்தில் 'ஹூவு ஹண்ணு' வந்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது. 2008-ம் வருஷத்துக்கான தாதா சாகேப் பால்கே விருதை அவருக்குக் கொடுத்தார்கள். சினிமாவுக்கான அந்தப் பெரிய விருது ஒரு கேமராமேனுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2014 ஏப்ரலில் இதே பெங்களூரில் தொண்ணூறு வயதில் காலமானார்.

'லவ் இன் டோக்கியோ'வை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுத்தமான வேலை. ஆனால் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கத் தயாராக இருந்த ஒரு இயக்குநர் போய்விட்டார். கையும் கண்ணும் அதேதான். கேட்பவர் கேட்டால்தானே கேமராமேன் வெயிலைப் பிடித்து உள்ளே கொண்டுவர முடியும்?

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒளிப்பதிவு படிக்கப் போகிறேன் என்கிறான், அதனால் நீ அவனோடு பேசுவதில்லையாமே. தங்கை எல்லாம் சொல்லிவிட்டாள், அவள்மேல் பாயாதே. நம் பட்டறையில் ராத்திரி ராத்திரியாக ஒரே பல்பை வைத்துக்கொண்டு முட்டைக்கும் தேங்காய்க்கும் லைட் வைத்துப் பழகியவன் நீ. நீ போய் இப்படிச் செய்யலாமா?

மூர்த்திக்குக் குரு தத் கிடைத்தார், இவனுக்கு யார் கிடைப்பார் என்று கேட்பாய். சரியான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் உண்டு. கிடைக்காமலே போகலாம். நன்றாகச் சம்பாதிப்பான் என்றும் உன்னிடம் நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் குரு தத் இல்லாத வருஷங்களிலும் மூர்த்தி தொழிலை விடவில்லை. தொழில் முழுசாகக் கையில் இருந்ததால் எந்த செட்டிலும் போய் நிற்க முடிந்தது. பையனுக்கு அந்த அளவு பைத்தியம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். அது இருந்தால் நீ வழியில் நிற்காதே.

ஒன்று செய். அடுத்த வாரம் அவனை இங்கே அனுப்பு. 'சாஹிப் பீபி'யைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டு, ஒவ்வொரு ஷாட்டிலும் விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கப்போகிறேன். சொல்லத் தெரிந்தால் அட்மிஷன் ஃபாரத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். தெரியவில்லை என்றால் நானே திட்டி ரயில் ஏற்றி அனுப்புகிறேன். வரும்போது என் 85 எம்.எம். லென்ஸையும் கொடுத்துவிடு, கல்யாண வேலைக்கு என்று வாங்கிப் போனது, அந்த ஜோடிக்குக் குழந்தையே பிறந்துவிட்டது. பதிலுக்கு வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டாதே. எழுது.

அன்புடன்,
மணி