உருக்கி ஊற்றினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பழந்துப்பாக்கிகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு. இரண்டாம் முறை, அந்த வரி நிஜமாகவே அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அச்சாகித்தான் இருக்கிறது: குண்டு வார்க்க எந்த ஈயமானாலும் சரியாம்; அச்சகத்துப் பழைய எழுத்தோ, கார் பேட்டரித் தகடோ, உருக்கி ஊற்றினால் போதுமாம். கட்டுரையாளர் பெரிய மனிதர். சரித்திரம் எழுத அவரை விட்டால் ஆளில்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் வயிறு எரிகிறது.

தங்களுக்குத் தெரியாததல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் விட்டம் .577 அங்குலம். அதில் போட்ட குண்டின் விட்டம் முதலில் .568, பிறகு .55. அதாவது குழலைவிடக் குண்டு சிறியது. சுட்டுச் சுட்டுக் கரி படிந்த குழலிலும் வாய்வழியாகச் சிக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். தொளதொளவென்று இறங்கிய குண்டு, அதைச் சுழல வைப்பதற்காகக் குழலின் உள்சுவரில் வெட்டிய ரைஃபிளிங் என்ற சுருள் காடிகளை எப்படிப் பிடிக்கும்? கருமருந்து வெடித்த வேகத்தில் குண்டின் குழிந்த அடிப்பாகம் விரிந்து காடிக்குள் ஏறிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர் மினியே 1849-இல் கொண்டுவந்த ஏற்பாட்டின் உயிரே அதுதான். விரிய வேண்டுமென்றால் ஈயம் மெத்தென்று இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுத்தக் காரீயம் சுமார் 5. அச்சு எழுத்தை வரிவரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் உலோகத்துக்கு அது 22-ஐ ஒட்டி வரும்.

வராமல் என்ன செய்யும்? நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். தங்கள் இதழும் ஒரு காலத்தில் ஈய எழுத்துக் கோத்து அச்சானதுதானே? ஆயிரக்கணக்கான தாளில் அழுத்தியும் மழுங்கக்கூடாது என்றுதானே எழுத்து வார்க்கும் ஈயத்தில் ஆன்டிமனியைக் கலந்தார்கள்? அதே உலோகம் துப்பாக்கிக்குள் போனதும் பணிவாக விரிந்து கொடுக்கும் என்று எந்தக் கொல்லர் சொன்னாரோ. போதாததற்கு, அது ஆறும்போது குறைவாகச் சுருங்கும். ஒரே அச்சில் வார்த்தாலும் சுத்த ஈயக் குண்டைவிடச் சற்றுப் பருத்தே வெளியே வரும். வாய்வழித் துப்பாக்கியில் அதை இடிகோலால் இறக்கிப் பார்க்கட்டும் கட்டுரையாளர்.

நான் இங்கிலாந்தின் சர்ரேயில் குடியேறிப் பல காலமாயிற்று. பிஸ்லி துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஸ்னைடர் சுடுகிறவன்; அந்த என்ஃபீல்டையே பின்பக்கமாகக் குண்டு போடும்படி மாற்றிய துப்பாக்கி அது, அதிலும் குண்டு விரிந்துதான் காடியைப் பிடிக்க வேண்டும். என்னோடு சுடும் ஆங்கிலேய நண்பர் ஒருவர் அச்சுத் தொழிலில் இருந்தவர். வீட்டுக் கொட்டகையில் லைனோ கட்டிகள் குவிந்து கிடந்தன. காசு மிச்சம் என்று அவற்றையே வார்த்துக்கொண்டு வந்தார். குண்டுகள் வெள்ளிக்காசு மாதிரி பளபளத்தன. இலக்கு அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால், பட்ட ஒன்றிரண்டும் வட்டத் துளை போடவில்லை. குண்டு சுழலாமல் பக்கவாட்டில் புரண்டு போய் நீளநீளமாகக் கிழித்திருந்தது. குழலுக்குள் ஈயம் அப்பிக் கிடந்தது. அன்று மாலை முழுக்க அவர் தேய்த்தார், நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த முறை மெத்தென்ற பழைய கூரை ஈயத் தகடு வாங்கி வார்த்தார். (இங்கே தேவாலயக் கூரைகளில் ஈயத் தகட்டை உரித்து விற்கும் திருட்டு ரொம்பப் பிரசித்தம். இவர் வாங்கியது ரசீதோடு.) அதே துப்பாக்கி, அதே மருந்து, குண்டுகள் ஒழுங்காகப் போய் வட்டத்துக்குள் உட்கார்ந்தன.

அப்படியானால் எதற்கும் சுத்த ஈயம்தானா என்றால் அதுவும் இல்லை. ஸ்னைடருக்குச் சுத்த ஈயத்தைக் கொடுத்த அதே பிரிட்டிஷ் ராணுவம், 1871-இல் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியை ஏற்றுக்கொண்டபோது 12 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் கலந்தது. 480 கிரெயின் (துப்பாக்கிக்காரர்களின் சிறு எடை அளவு) குண்டு, பின்னால் 85 கிரெயின் மருந்து, குழலோ குறுகல். வெறும் ஈயம் அந்த உதையைத் தாங்காது. அமெரிக்காவின் ஷார்ப்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் 16-க்கு 1, 20-க்கு 1, 30-க்கு 1 என்று அவரவர் குழலுக்கும் மருந்துக்கும் தக்கபடி கலக்கிறார்கள். வெள்ளீயம் கொஞ்சம் சேர்ந்தால் உருகிய ஈயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். இவ்வளவு நுணுக்கமும் 'எந்த ஈயமானாலும் சரி'க்குள் போய் மறைந்துவிட்டது.

பேட்டரி விஷயம்தான் மன்னிக்க முடியாதது. அந்தத் தகட்டில் கால்சியம், ஆன்டிமனி, ஆர்சனிக் எல்லாம் இருக்கும். உருக்கி ஒதுக்கிய கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற நச்சு வாயுக்கள் கிளம்பலாம், ஆளைக் கொல்லக்கூடியவை. ஈயத் தூசி குழந்தைகளின் மூளையை என்ன செய்யும் என்று தங்கள் மருத்துவப் பக்கத்திலேயே படித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவரும் இந்தப் பக்கத்தைப் பார்ப்பவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லையா?

இது முதல் தடவை என்றால் பொறுத்திருப்பேன். 1857 சிறப்பிதழில், மீரட் சிப்பாய்களைப் பற்றிய கட்டுரைக்கு மேலே அடியில் நெம்புகோல் தொங்கும் மார்ட்டினி படத்தைப் போட்டீர்கள். 14 ஆண்டு கழித்து வரப்போகும் துப்பாக்கி! 1860-இல் விம்பிள்டனில் துப்பாக்கி சுடும் போட்டியை விக்டோரியா மகாராணி 400 கஜத்தில் சுட்டுத் தொடங்கிவைத்ததும் தங்கள் இதழில் மார்ட்டினிதான். அது அறுகோணக் குழல் கொண்ட விட்வொர்த். அதன் குண்டும் அறுகோணம், விரியத் தேவையில்லை, கடின உலோகத்திலும் வார்க்கலாம். ஆக, கட்டுரையாளர் விதிக்குப் பொருந்துகிற ஒரே துப்பாக்கியையும் அவருக்கு முன்பே நீங்கள் அப்புறப்படுத்திவிட்டீர்கள். இரண்டுக்கும் எழுதினேன். முதல் கடிதம் அச்சில் வரவில்லை. இரண்டாவதில் பாராட்டிய இரண்டு வரி மட்டும் வந்தது, 'கட்டுரை அருமை' என்ற தலைப்போடு.

இங்கிலாந்தில் பழந்துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம் என்றும் இந்தக் கட்டுரை சொல்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அழகுக்காகச் சுவரில் மாட்டி வைத்தால் வேண்டாம். சுடுவதென்றால் வேண்டும், கருமருந்துக்கு வேறு தனிச் சான்றிதழ். இரண்டுக்கும் விண்ணப்பம் நிரப்பியவன் சொல்கிறேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பேட்டரித் தகட்டை உருக்க வேண்டாம் என்று அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பில் அந்த வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். என் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் பாராட்டை வெட்டிக்கொள்ளலாம். தீபாவளி மலர் இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் சந்தாப் பிரிவுக்குத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
சர்ரே, இங்கிலாந்து