சிறுவர் பக்கத்தில் எதுகைப் பாட்டு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வரும் பாட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவை ஏற்கெனவே படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை. இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை.

247 எழுத்தையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் சொல் என்று நாம் பிடிவாதமாக இருக்கிறோம். அவ்வளவு காத்திருக்கவே வேண்டாம். ‘பட்டம்’ வாசிக்க வந்துவிட்டால், முதல் எழுத்தை மட்டும் மாற்ற மாற்ற வட்டம், கட்டம், சட்டம், திட்டம், கொட்டம் என்று வரிசையாக வந்துவிடும், ஒவ்வொரு எழுத்திலும் நின்று திணறுவதும் குறையும். முதலெழுத்து அளவொத்து (குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்) இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. இவ்வளவு விளையாட்டான சங்கதியைப் பெரிய வகுப்பு இலக்கணத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம்! பாட்டாக்கினால் இப்படி:

பட்டம் போட்டது வட்டம்
பார்த்துச் சிரித்தது கூட்டம்
கட்டிய நூலோ அறுந்தது
கூட்டம் எடுத்தது ஓட்டம்

வட்டமும் கூட்டமும் இலக்கணப்படி எதுகை ஆகாதுதான், ஆனால் வட்டத்துக்குப் பக்கத்திலேயே கூட்டமும் வருவதால் குறில், நெடில் வித்தியாசம் காதிலேயே விழுந்துவிடும். அப்புறம், ‘ட’ என்ற ஒரே எழுத்து படத்தில் மென்மையாகவும் பட்டத்தில் அழுத்தமாகவும் ஒலிப்பது புதிதாகப் படிப்பவர்களைக் குழப்பும். படம், குடம், இடம், தடம் என்று ஒரு பாட்டும், பட்டம், வட்டம் என்று இன்னொன்றும் பாடிப் பழகினால் விதியே சொல்ல வேண்டாம்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சந்தம் கிடைக்கிறதே என்று மரத்தோடு அறத்தையும் பழத்தோடு பலத்தையும் சேர்த்துவிடாதீர்கள். ஓசை கிட்டத்தட்ட ஒன்று, எழுத்து வேறு. கொஞ்சம் படித்துத் தேறியவர்களுக்கு அது சரி, தொடக்கத்திலேயே வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டு எளிதில் மனப்பாடமாகிவிடும், பிள்ளை கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு கடகடவென்று சொல்லும், நாமும் படிக்கிறது என்று பூரித்துப்போவோம். அதனால் பாட்டுக்குக் கீழே ‘__ட்டம்’ என்று முதல் எழுத்தை விட்டு அச்சிடுங்கள். பிள்ளையே ஏதாவது எழுத்தை நிரப்பட்டும். ‘மொட்டம்’, ‘லிட்டம்’ என்று அர்த்தமில்லாமல் வந்தால் இன்னும் நல்லது, சிரித்துக்கொண்டே வாசிக்கும். கேட்டே இராத சொல்லை மனப்பாடமாகச் சொல்ல முடியாதே.

வாரம் ஒரு சொற்குடும்பம், நாலு வரி, கொஞ்சம் பெரிய எழுத்து. இடம் ஒதுக்குவீர்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்