இல்லாத கோப்பு எந்தத் தொகுப்பில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஒரு யோசனை மட்டும் இடிக்கிறது. ஏதாவது கோப்பு இல்லை என்று பிழை வந்தால் இணையத்தில் தேடி இறக்கி, உரிய ஃபோல்டரில் போட்டுவிடச் சொல்கிறார் கட்டுரையாளர். யார் தொகுத்தது என்றே தெரியாத கோப்பை ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றக்கூடிய முழு அதிகாரத்தோடு, உள்ளே விடுவதா? விண்டோஸில் டிஎல்எல் என்ற துணைக் கோப்புகளைத் தேடி அலைந்த காலத்துப் பழக்கம் இது.

காரைக்குடியில் என் சர்வீஸ் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் படங்களை அலச உதவும் ஓபன்சிவி மென்பொருளை வைத்து புராஜெக்ட் செய்வார்கள். ‘லிப்ஜிஎல்.எஸ்ஓ.1’ என்ற கோப்பு இல்லை என்று அது நின்றுவிடும். எந்தத் தொகுப்பில் (ஒரு மென்பொருளின் கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை) அது இருக்கிறது என்று டிபிகேஜி கட்டளையில் பெரிய எழுத்து எஸ் போட்டுத் தேடுவார்கள், ஒன்றும் வராது. எப்படி வரும்? ஏற்கெனவே நிறுவிய தொகுப்புகளின் பட்டியலைத்தானே அது பார்க்கிறது! வீட்டுப் பெட்டகத்தைத் துழாவிவிட்டு, முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளிலும் அந்தச் சாமான் கிடையாது என்று முடிவுகட்டுவதுபோல.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இதற்கென்றே ஏபிடி-ஃபைல் என்ற கருவி இருக்கிறது. தனியாக நிறுவ வேண்டும். தொகுப்புகளை இறக்கிக்கொள்ளும் இணையக் களஞ்சியத்தில் உள்ள தொகுப்புகளில் என்னென்ன கோப்புகள் என்ற அட்டவணையை டெபியன், உபுண்டுக்காரர்களே வெளியிடுகிறார்கள். ‘ஏபிடி-ஃபைல் அப்டேட்’ கொடுத்தால் அது இறங்கும். கொஞ்சம் பெரியது, மொபைல் டேட்டாவில் இறக்குவோர் கவனிக்கவும். அப்புறம் ‘ஏபிடி-ஃபைல் சர்ச்’ போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், லிப்ஜிஎல்1 என்ற தொகுப்பைக் காட்டிவிடும். பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலும் எடுத்துக் காட்டும் என்பதால் பதில்கள் நிறைய வரலாம். முழுப் பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதே பிழைக்கு இணையத்தில் கிடைக்கும் பழைய பதில்கள் லிப்ஜிஎல்1-மெசா-ஜிஎல்எக்ஸ் என்ற தொகுப்பை நிறுவச் சொல்லும். உபுண்டு 24.04-இல் அந்தத் தொகுப்பே இல்லை. பெயரை மனப்பாடம் செய்து என்ன பயன்?

ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் ‘டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்’ கட்டளையே போதும், தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஆர்ச் லினக்ஸில் பேக்மேன் கட்டளையோடு பெரிய எழுத்து எஃப் போட்டுத் தேடலாம்.

இதற்கும் சிக்காதவை உண்டு. ‘/யுஎஸ்ஆர்/பின்/ஜாவா’ போன்றவை வேறிடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் வெறும் இணைப்புகள்; அவை நிறுவும்போதுதான் உருவாகின்றன, தொகுப்புக்குள் இருப்பதில்லை. அதனால் முழுப் பாதையை விட்டு ‘பின்/ஜாவா’ என்று தேடினால் உண்மையான கோப்பு சிக்கும்.

பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலிலேயே உபுண்டு இருக்கிறது. அதைப் படிக்கும் மாணவர்களும் உங்கள் இதழைப் பார்ப்பார்கள். அடுத்த இதழில் அந்த யோசனைக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

– வாசகர், காரைக்குடி