பொருந்தாத ஷூவுக்குப் பணம் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: ஏலத்தோட்ட மேற்பார்வையாளர், கூடலூர், தேனி மாவட்டம்.

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், காலணி விற்பனை நிறுவனம்.

ஐயா,

தினமும் விடியலில் ஜீப் ஏறி, குமுளி தாண்டிக் கேரளப் பக்கத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவன் நான். மழைக்கு ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. மற்ற நாட்களில் சரிவில் நடக்கவும் ஊருக்குள் போட்டுக்கொள்ளவும் உதவுமென்று உங்கள் ஷூவை இணையத்தில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன்.

உங்கள் அளவுப் பட்டியல் பாதத்தின் நீளத்தை மட்டுமே கேட்கிறது. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் வேலை முடிந்து வந்தபிறகே காலண்டர் தாளில் பாதத்தை வரைந்து அளந்தேன். 26.5 சென்டிமீட்டர், பட்டியல்படி 8. வந்த ஷூவில் நீளம் சரி, ஆனால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "9 வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். மாற்றினேன். ஓர் எண் கூடினால் நீளம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் கூடுவதோ பெயருக்குத்தான். ஏற்றத்தில் குதிகால் கழன்றது. இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கிப் பெருவிரல் இடித்தது. மூன்றாம் நாள் நகம் கறுத்துவிட்டது.

அன்றிரவு ஷூவின் உள்தளத்தை உருவி, காலண்டர் தாளில் இருந்த பாதத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். என் பாதம் அகலமான இடத்தில் 10.6 சென்டிமீட்டர், உங்கள் தளம் 9.5. பென்சில் கோடு இருபுறமும் வெளியே தெரிந்தது. சிறுவயதில் வெறுங்காலோடும் பிறகு வார்ச்செருப்போடும் நடந்த கால் முன்பக்கம் விரிந்துதான் இருக்கும். எங்கள் ஜீப்பில் பாதிப் பேருக்கு இதே கால்தான்.

பணத்தைக் கேட்டதற்கு இரண்டு பதில்கள் வந்தன: அளவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது நான்; அடியில் செம்மண் ஒட்டியிருப்பதால் திரும்ப எடுக்க முடியாது. அகலத்தைச் சொல்லாமல் விற்றது யார்? மலைப்பாதையில் நடக்கவென்று விளம்பரம் செய்த ஷூவைக் கட்டில்மேல் நின்றா சோதிப்பது?

முழுப் பணமும் வேண்டும். பட்டியலில் அகலத்தையும் சேருங்கள். 2020-ஆம் ஆண்டு இணைய வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் 1915 உதவி எண்ணிலும், தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

ஷூ வந்த பெட்டியிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பேன்; எடுத்துப்போக அன்று ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்