வகை பிரிக்காமல் ஒப்படைக்க வேண்டிய கடிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்துறையிலிருந்து அரசியலுக்கு வருவோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, மேடைப் பேச்சுகளையும் சொத்துக் கணக்குகளையும் மட்டுமே சான்றாகக் கொண்டிருந்தது. இத்தகையோரின் தனிப்பட்ட கடிதங்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கரான ஜான் ராஸ்கோப் நல்ல எடுத்துக்காட்டு.

ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் நிதிக் குழுத் தலைவராக இருந்த அவர், 1928-இல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானதும், நிறுவனத்தின் பெயர் கட்சி அரசியலோடு கலப்பதை அதன் தலைமை விரும்பாததால், நிதிக் குழுப் பொறுப்பைத் துறந்தார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எழுப்பியவர்களுள் ஒருவராகவே இன்று அவரைப் பலர் அறிவார்கள்.

1934 மார்ச் மாதத்தில், டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஓய்வுபெற்ற துணைத் தலைவர் கார்பென்டர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தெற்குக் கரோலினாவில் தம்மிடம் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள் ஐவர், அரசாங்கத்தில் சுலபமான வேலை கிடைத்துவிட்டதாகக் கூறி வர மறுத்ததையும், தம் படகு வீட்டின் சமையல்காரர் மணிக்கு ஒரு டாலர் கூலியில் அரசுப் பணிக்கு வண்ணம் பூசப் போய்விட்டதையும் அதில் குறைபட்டுக்கொண்டார். கார்பென்டருக்கு இப்போது அதிக வேலையில்லை என்பதால், டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ் வட்டாரங்களைத் திரட்டும் முயற்சிக்கு அவரே தலைமை ஏற்கலாம் என்று ராஸ்கோப் பதில் எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில், அரசியல் சட்டத்தையும் தனிமனித உரிமையையும் காப்பதே நோக்கம் என்ற அறிவிப்புடன், இத்தகைய அரசு வேலைகளைத் தந்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளை எதிர்த்த அமெரிக்க லிபர்ட்டி லீக் என்ற அமைப்பு தோன்றியது. சமையல்காரரைப் பற்றி அந்த அறிவிப்பில் யார்தான் எழுதுவார்கள்!

இக்கடிதங்கள் விரும்பித் தரப்பட்டவை அல்ல. ஆயுதத் தொழிலை விசாரித்த செனட்டர் ஜெரால்டு நை தலைமையிலான குழு வழியாக அந்த டிசம்பரிலேயே அம்பலமாயின. ராஸ்கோபின் ஏனைய தாள்கள் பிற்காலத்தில் டெலவேர் மாநிலத்து ஹாக்லி நூலகத்தைச் சேர்ந்தன. தொழில், கட்சி, தேவாலய அறப்பணி என அவருடைய பல முகங்களையும் ஆய்வாளர்கள் அங்கே சேர்த்தே பார்க்க முடிகிறது.

தாள்களை ஒப்படைக்கும் குடும்பத்தினர் ‘இது வீட்டு விஷயம், இது பொது விஷயம்’ என்று முன்னதாகவே பிரித்து, ஒரு பகுதியை அழித்துவிடுவதுண்டு. கார்பென்டரின் கடிதத்தை அவர்கள் எந்தப் பிரிவில் வைத்திருப்பார்கள்? வேலையாட்களைப் பற்றிய புலம்பல்தானே என்று கிழித்தும் எறிந்திருக்கலாம். உயிருடன் இருப்போரின் அந்தரங்கம் கருதிச் சில கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்திற்கு மூடி வைக்கட்டும். ஆனால், எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்ற முடிவைப் பயிற்சி பெற்ற ஆவணக் காப்பாளர்களிடமே விட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை